திருடன் ஏற்றிவிட்ட சார்ஜ்

"தொடாதீங்க" என்றாள் பெத்தூலியா.

நேரியோ நீட்டிய விரலைப் பாதி வழியில் நிறுத்தினான். மேஜைமேல் இருந்த பெட்டிக்கும் அவன் விரலுக்கும் நடுவில் ஒரு சாண்தான் பாக்கி.

"டீச்சர், உங்களுக்குக் கண்ணு தெரியாதுன்னு மேடம் சொன்னாங்களே."

"மூக்கு நல்லாத் தெரியும். வறுத்த வாழைக்காய் தின்னுட்டு கையைப் பேன்ட்டுல தொடச்சிட்டு வந்திருக்கீங்க. அந்தக் கை இதுமேல படக் கூடாது."

"பேன்ட்டுல இல்ல, சட்டையில" என்று முனகியபடி நேரியோ பின்வாங்கினான். துப்பறியும் ஒலிம்பியா வில்லாஸ்மில்லின் உதவியாளன் என்று ஊரெல்லாம் அட்டை கொடுத்துக்கொண்டு திரிபவனை, நாற்காலியில் உட்காருவதற்கு முன்னாலேயே ஒருத்தி துப்பறிந்துவிட்டாள். ஒலிம்பியாவுக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று.

ஏரிக்கரை ஊரான மராக்கைபோவில் அன்றைக்கும் காலையிலேயே கரண்ட் போயிருந்தது. விசிறி செத்துக் கிடந்தது. ஒலிம்பியா ஒரு பழைய காலண்டர் அட்டையை எடுத்து முகத்துக்கு விசிறிக்கொண்டாள். ஐம்பத்தைந்து வயதில் அவளுக்குப் பிடிக்காத விஷயங்கள் இரண்டு. ஒன்று வெயில். இன்னொன்று, பொய் சொல்கிறவன் சிரித்துக்கொண்டே சொல்வது.

பெட்டி பெரிதாக ஒன்றும் இல்லை. உள்ளங்கைகள் இரண்டைச் சேர்த்து வைத்த அளவு. மேலே தட்டச்சு செய்யச் சில விசைகள். கீழ் ஓரத்தில் ஒரே வரியாகப் பொடிப்பொடித் துளைகள். அந்தத் துளைகளிலிருந்து ஊசிமுனை மாதிரி புள்ளிகள் எழும், அடங்கும். அந்த வரிமேல் விரல் ஓடினால் பிரெய்ல் எழுத்து. பெத்தூலியாவுக்குப் புத்தகம், நோட்டு, பாடக்குறிப்பு எல்லாமே அந்த ஒரு வரிதான். இப்போது அந்த வரியின் இடது பக்கம் உயிரில்லாமல் கிடந்தது. சில புள்ளிகள் எழுந்தபடியே நின்றுவிட்டன. சில உள்ளேயே ஒட்டிக்கொண்டுவிட்டன.

பெத்தூலியா நடந்ததைச் சொன்னாள். சொன்னாள் என்பதைவிடப் பொரிந்து தள்ளினாள் என்பது சரி. அரசு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியர் வேலை ஒன்று காலி. கடைசிச் சுற்றில் இரண்டே பேர். ஒருத்தி இவள், இன்னொருத்தி தலைமை ஆசிரியர் எபெர்த்தோ போர்த்தியோவின் மருமகள், அதாவது தங்கை மகள், யூலிமார். நேற்று நடுவர் குழு முன்னால் இரண்டு பேரும் மாதிரிப் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. தலைப்பு ஒன்றுதான், நம் ஏரிக்கு மழை எப்படி வருகிறது. முதலில் யூலிமார், அப்புறம் இவள். ஒருத்தி பேசும்போது மற்றவள் வேறு கட்டிடத்தில் காத்திருக்க வேண்டும்.

காப்பியடிப்பதைத் தடுக்க என்று இன்னொரு விதி. கருவிகளை முந்தின நாள் சாயங்காலமே தலைமை ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். தேர்வு அறை வாசலில்தான் திரும்பக் கிடைக்கும். குரல் உதவி கூடாது. விரலால் மட்டும் படிக்கலாம். பெத்தூலியா அத்தனைக்கும் தலையாட்டியிருந்தாள்.

"பாடத்தோட மூணாவது வரிக்கு வந்தப்போ புள்ளி எந்திரிக்கல. எனக்குப் பாடம் முழுக்க மனப்பாடம், கருவி இல்லாமலே சொல்றேன்னேன். வேண்டாம்மா, சிரமப்படாதன்னாங்க. ஒருத்தர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். எனக்குத் தட்டிக் கொடுக்கிறவங்களைக் கண்டா கையைக் கடிக்கணும்னு இருக்கு."

"சொல்லிட்டீங்கல்ல, நான் தட்ட மாட்டேன்" என்றான் நேரியோ.

கருவியைச் சரியாகப் பராமரிக்கவில்லை, சார்ஜ் போடக்கூட மறந்திருக்கிறாள், இப்படிப்பட்டவளை நம்பி வகுப்பை எப்படி ஒப்படைப்பது என்று நடுவர்கள் முடிவு சொல்லிவிட்டார்கள். இன்று சாயங்காலம் யூலிமாருக்கு வேலைக்கான ஆணை கையெழுத்தாகிறது. கையெழுத்தாகிவிட்டால் அப்புறம் யாரும் மாற்ற முடியாது.

"பராமரிக்கலையாம்!" பெத்தூலியா மேஜையை ஓங்கி அறைந்தாள். அந்தக் கோபத்திலும் பெட்டி இருக்கும் பக்கம் அறையவில்லை என்பதை ஒலிம்பியா கவனித்தாள். "கை கழுவி, ஈரம் போகத் துடைக்காம இதை நான் தொட்டதே இல்ல. வாரம் ஒருநாள் பஞ்சு மாதிரித் துணியில ரெண்டு சொட்டு ஸ்பிரிட் விட்டு, புள்ளிமேல அழுத்தாம, பூ மாதிரி ஒத்தி எடுப்பேன். அழுத்தினா பின் வளைஞ்சிடும். கரண்ட் திரும்பி வந்த உடனே சார்ஜர்ல செருக மாட்டேன், முதல் அடிக்கு எல்லாம் எரிஞ்சு போகும்னு இந்த ஊர்ல குழந்தைக்குக்கூடத் தெரியும். முழுசாவும் ஏத்த மாட்டேன். நம்ம வெயிலுக்கு முழு சார்ஜ்ல கிடந்தா பேட்டரி அரேபா ரொட்டி மாதிரி உப்பிடும். இதுக்கு மாத்துப் பேட்டரி இந்த நாட்டுலயே கிடையாது. முக்காலுக்கு மேல ஏத்தினதே இல்ல. அன்னிக்கு ஒப்படைச்சப்போ பாதிக்குக் கொஞ்சம் மேல இருந்துச்சு, போதும்னு விட்டுட்டேன். இவங்க என்னடான்னா சார்ஜே இல்லையாம்! வாசல்ல வாங்கினதும் தட்டினேன். நூறு சதவீதம்னு அதுவே வாய்விட்டுச் சொல்லுச்சு. அப்புறம்தான் விதிப்படி குரலை அணைச்சேன்."

காலண்டர் அட்டை விசிறுவதை நிறுத்தியது.

"எவ்வளவுன்னு சொல்லுச்சு?" என்றாள் ஒலிம்பியா.

"நூறு."

"நீ கொடுத்தப்போ?"

"பாதிக்குக் கொஞ்சம்..." பெத்தூலியாவின் வாய் அப்படியே நின்றது. புள்ளி போச்சே என்ற ஆத்திரத்தில், சார்ஜ் ஏறியிருந்ததை அவள் இதுவரை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நல்ல செய்தியை யார்தான் சந்தேகப்படுகிறார்கள்.

நேரியோ தலையைச் சொறிந்தான். "மேடம், பள்ளிக்கூடமும் என் வீடும் ஒரே லைன். முந்தாநாள் சூரியன் இறங்கறதுக்குள்ள போன கரண்ட், விடிஞ்சு பல் தேய்ச்சப்புறம்தான் வந்துச்சு. என் ரத்தத்துல பாதி இப்போ கொசு வயித்துல இருக்கு. அந்தப் பள்ளிக்கூடத்துல ராத்திரி எவன் சார்ஜ் போட்டான்?"

"அதைத்தான் போய்க் கேட்கப் போறோம்" என்று ஒலிம்பியா எழுந்தாள்.

*

தலைமை ஆசிரியர் எபெர்த்தோ போர்த்தியோ வேலைக்காரன் கையில் பையைக் கொடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தொப்பை, கன்னம் நிறையச் சிரிப்பு. பெத்தூலியாவைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பில் சர்க்கரை கூடியது. பெத்தூலியா மாதிரி மன உறுதியை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லையாம். தோல்வி எல்லோருக்கும் வருவதுதானாம். நூலகத்தில் ஒரு சின்ன வேலைக்குச் சொல்லி வைக்கிறாராம், பாவம், அவளும் பிழைக்க வேண்டுமே என்றார்.

பெத்தூலியாவின் கைத்தடி தரையில் ஒருமுறை நங்கென்று இறங்கியது. அவர் ஷூவுக்கு விரற்கடை தள்ளி.

ஒலிம்பியா குரலைப் பவ்வியமாக வைத்துக்கொண்டாள். தான் இந்தப் பெண்ணுக்குத் தூரத்து உறவு, கருவி கெட்டதற்கு யாரும் காரணமில்லை என்று தெரிந்தால் மனம் ஆறும், ராத்திரி அது பத்திரமாக இருந்ததா என்று மட்டும் தெரிய வேண்டும் என்றாள்.

"பத்திரமாவா? இதோ இந்த இரும்பு பீரோவுக்குள்ள. பூட்டினது நான், சாவி என் பாக்கெட்ல. காலையில திறந்ததும் நான். நடுவுல ஒரு ஈ காக்கா தொடல. சீனிதா மாதா மேல சத்தியம்."

"யாராச்சும் நல்லெண்ணத்துல சார்ஜ் போட்டு, அதனால கெட்டுப்போயிருக்குமோன்னு..." என்று இழுத்தான் நேரியோ.

"என்னப்பா நீ, வெளியூரா? அன்னிக்கு ராத்திரி பூரா இங்கே ஒரு பல்புகூட எரியல. காவலாளி மெழுகுவத்தி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். காலையிலயும் கரண்ட் வர்றதுக்கு முன்னாலயே கருவியை எடுத்து நடுவர்கள்கிட்ட சேர்த்துட்டேன். சார்ஜ் எங்கேருந்து வரும்?"

"அதானே" என்றாள் ஒலிம்பியா. "எங்கேருந்து வரும்?"

அவர் கையைக் குலுக்கி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வந்ததும் அந்தக் கையைக் கைக்குட்டையில் துடைத்தாள். லேசாகப் பிசுக்கென்று இருந்தது. பெத்தூலியா அந்தக் கைக்குட்டையைக் கேட்டு வாங்கி மோந்து பார்த்தாள். அவள் முகம் கல்லானது.

"கிராம்பு, சர்க்கரைப்பாகு. இகாக்கோ பழத்தை ஊற வெச்ச பாகு. என் புள்ளியைச் சுத்தம் பண்ணப் பார்த்தப்போ துணியில இதே வாசனைதான் வந்துச்சு."

"அந்த ஆள் மேஜைமேலேயே ஒரு ஜாடி இருந்துச்சு" என்றான் நேரியோ. "கதவைத் திறந்தப்போ விரலை விட்டு நக்கிக்கிட்டிருந்தார். நம்மளைப் பாத்ததும் ஜாடியை மூடினார், விரலைத் தொடைக்கல."

*

நேரியோவின் கார் அவனைவிட வயதில் மூத்தது. போர்த்தியோ வீட்டுக்குப் போகும் பெய்யா விஸ்தா சாலையில் அது இருமிக்கொண்டே போயிற்று.

"எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்றான் அவன். "மருமகள் ஜெயிக்கணும்னு மாமா கருவியைக் கெடுத்துட்டார். பாகு ஊத்தி, புள்ளியை ஒட்ட வெச்சு... முடிஞ்சுது கதை."

"முட்டாள். கெடுக்கணும்னு நினைக்கிறவன் சார்ஜ் ஏத்துவானா? பேட்டரியைக் காலி பண்ணியிருந்தாலே போதுமே. அவளே சார்ஜ் போடலைன்னு பழி போயிருக்கும். இவன் காரைத் திருடிட்டுப் போனவன், டேங்க்கை நிரப்பிக் கொண்டுவந்து விட்ட மாதிரி செஞ்சிருக்கான். அதை ஏன் செஞ்சான்னு யோசி."

"நல்ல திருடன்."

"தனக்கே தெரியாம செஞ்சிருக்கான்." ஒலிம்பியா பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். "பெத்தூலியா, இதைக் கம்ப்யூட்டர்ல இணைச்சா என்ன ஆகும்?"

"பென் டிரைவ் மாதிரித் திறந்துக்கும். என் ஃபைலெல்லாம் சாதாரண எழுத்தாவே தெரியும். யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். எடுக்கிற கேபிள்தான்..." அவள் குரல் தணிந்தது. "அந்தக் கேபிள்லயேதான் சார்ஜும் ஏறும்."

வெளியே ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ராத்திரி முழுக்கச் செருகியே வெச்சிருந்திருக்கான்" என்றாள் ஒலிம்பியா. "ஊரே இருட்டா கிடந்தப்போ ஜெனரேட்டர் ஓடற வீட்டுல. கெடுக்கறதுக்காக எடுத்துட்டுப் போகல. உன் பாடத்தைத் திருட எடுத்துட்டுப் போயிருக்கான். எழுந்து நிக்கிற புள்ளிங்களைப் பாத்து ஏதோ பட்டன்னு நினைச்சு, பாகு விரலால ஒவ்வொண்ணா அழுத்திப் பாத்திருக்கான். பிரெய்ல் படிக்கிறவங்க தடவுவாங்க. அழுத்தறது கண்ணு உள்ளவன் மட்டும்தான்."

பெத்தூலியா கேட்டது ஒரே கேள்வி.

"அப்போ நான் என்கிட்டயேதான் தோத்தேனா?"

தோளைத் தட்டலாம் என்று எழுந்த கையை, நல்லவேளையாக, ஒலிம்பியா மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

*

போர்த்தியோ குடும்பம் இருந்த அடுக்குமாடியின் அடித்தளத்தில் ஜெனரேட்டர் காட்டுக்கத்தல் கத்திக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தவள் யூலிமார். இருபத்தாறு வயது, புதுச் சட்டை, முகத்தில் வேலை கிடைத்த சந்தோஷம். பின்னால் ஏசி குளிர். மேஜையில் மாமா கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டு ஆட்டுக்கறியில் மும்முரமாக இருந்தார். இவர்களைப் பார்த்ததும் எலும்பு தட்டில் விழுந்தது.

ஒலிம்பியா அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. யூலிமாரை வாழ்த்தினாள். நடுவர்கள் ஊரெல்லாம் புகழ்கிறார்களாமே, அந்தப் பாடத்தில் ஒரு பத்தி சொல்லேன், தோற்றவளும் கேட்டுக் கற்றுக்கொள்ளட்டும் என்றாள். மாமா இருமினார். யூலிமாருக்கு அந்த இருமல் புரியவில்லை. புகழ்ச்சி யாருக்குத்தான் கசக்கும். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் நிற்பது போலவே நின்று சொன்னாள்.

"ஏரிக்கு அந்தப் பக்கம் வெட்டும் மின்னலுக்குச் சத்தம் கிடையாது. அது வருகிறதா என்று தெரிய ரேடியோவைப் போடுங்கள். இரண்டு நிலையங்களுக்கு நடுவில், எதுவும் பாடாத இடத்தில் முள்ளை நிறுத்துங்கள். பொரிகிற சத்தம் கேட்கும். ஒவ்வொரு பொரிக்கும் ஒரு மின்னல். பிறகு கன்னத்தில் காற்று திசை மாறும்..."

"...எண்ணெய்க் கிணறுகளின் வாடை முதலில் வரும், அதன் பின்னால் பாசியின் வாடை" என்று தொடர்ந்தாள் பெத்தூலியா. "பாசி வாடை வந்துவிட்டால் கொடியில் காயும் துணியை எடுக்க உங்களுக்கு நேரமில்லை."

யூலிமாரின் கைகள் தானாகக் கீழே இறங்கின.

"உங்களுக்கு எப்படி..."

"உன் வீட்டுல ரேடியோ இருக்கா?" என்று கேட்டாள் ஒலிம்பியா.

"இல்ல."

"மின்னல் வந்தா நீ எப்படித் தெரிஞ்சுக்குவே?"

"ஜன்னல் வழியா..." என்று ஆரம்பித்த யூலிமார் நிறுத்தினாள். ஜன்னல் எதிரேதான் இருந்தது. ஏரி முழுக்க அதில் தெரிந்தது. அவள் மாமாவின் பக்கம் மெதுவாகத் திரும்பினாள். "நீங்க எழுதினதுன்னு சொன்னீங்களே, மாமா. அன்னிக்கு ராத்திரி எனக்காகக் கண் முழிச்சு எழுதினதா சொன்னீங்க. நான் உங்க கையைப் புடிச்சு முத்தம் கொடுத்தேனே."

ஒலிம்பியா எதிர்பார்த்தது இதை இல்லை. மாமனும் மருமகளும் சேர்ந்த கூட்டு என்றே வழி முழுக்க நினைத்து வந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தால் அது நடிப்பு இல்லை. ஒலிம்பியாவுக்குத் தன்மேலேயே கொஞ்சம் எரிச்சல் வந்தது.

"முழுப் பாடத்துலயும் வெளிச்சம்னு ஒரு வார்த்தை வராது" என்றாள் பெத்தூலியா. "மின்னல் வர்ற பாடம். நிறம் கிடையாது, மேகம் கிடையாது. சொல்லும்போது உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

"தோணுச்சு." யூலிமாரின் குரல் உடைந்தது. "ரொம்ப அழகா இருக்குன்னு தோணுச்சு."

"அழகுதான். என்னுது."

போர்த்தியோ கழுத்துத் துண்டை உருவி எறிந்தார். சிரிப்பு போயிருந்தது. இதற்கெல்லாம் என்ன ஆதாரம், பேட்டரி நிறைந்திருந்தது குற்றமா, குருட்டுப் பெட்டி ஒன்று நூறு என்று கத்தியதை வைத்து எந்த அதிகாரி தன்னைக் கேள்வி கேட்பான் என்று குதித்தார். கடைசியில் குரலை இறக்கி, இது நம்ம குடும்பம்மா, சாயங்காலம் கையெழுத்து ஆகட்டும், இந்தப் பொண்ணுக்கு நூலகத்துல இடம் பாத்துக்கலாம் என்று மருமகளிடம் குழைந்தார்.

"சார் சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்றான் நேரியோ. "கரண்ட் இல்லாத பூட்டின பீரோவுக்குள்ள தானா சார்ஜ் ஆச்சுன்னா, அந்த பீரோவை மின்வாரியத்துக்குக் கொடுத்துடலாம். ஊர் முழுக்க விளக்கு எரியும்."

யூலிமார் எதையும் காதில் வாங்கவில்லை. கைபேசியை எடுத்தாள். நடுவர் குழுத் தலைவி எர்மெலிந்தா அம்மாவைக் கூப்பிட்டு, தான் எடுத்த பாடம் தன்னுடையது இல்லை, அது யாருடையது, எப்படி வந்தது, கருவி எந்த வீட்டில் ராத்திரி கிடந்தது என்று ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போது மாமாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

ஸ்பீக்கரில் எர்மெலிந்தா அம்மாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. கையெழுத்து நிறுத்தப்படும். தலைமை ஆசிரியர் நாளை காலை கல்வி இலாகாவுக்கு வந்து விளக்கம் சொல்ல வேண்டும். பாடத் தேர்வு மறுபடி நடக்கும், இந்த முறை இலாகா அலுவலகத்திலேயே.

"நான் வரல, மேடம்" என்றாள் யூலிமார். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "விலகிக்கறேன். வேலை பெத்தூலியா டீச்சருக்கே இருக்கட்டும்."

"வேண்டாம்."

பெத்தூலியா சொன்ன விதத்தில் நேரியோகூட நிமிர்ந்து நின்றான். அவள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, குரல் வந்த திசைக்கு நேராக இரண்டடி வைத்தாள். கன்னம் சிவந்திருந்தது.

"நீ விட்டுக் கொடுத்து எனக்கு எதுவும் வேண்டாம். விட்டுக் கொடுத்து வாங்கினேன்னா, நாளைக்கு அந்தப் பள்ளிக்கூடத்துல ஒவ்வொருத்தனும் என் தோளைத் தட்டுவான். நீ வரணும். நல்லாத் தயார் பண்ணிக்கிட்டு வரணும். உன்னை நேருக்கு நேரா தோற்கடிச்சுத்தான் நான் அந்த வகுப்புக்குள்ள போவேன்."

"எந்தப் பாடத்தை எடுக்கறது?" என்று திக்கினாள் யூலிமார். "எனக்கு அந்த ஒண்ணுதான் தெரியும்."

"புதுசா எழுது" என்றாள் பெத்தூலியா. "உனக்குத்தான் ரெண்டு கண்ணு இருக்கே. அதை வெச்சு எதையாவது பாரு."